ஐம்பது வேண்டுமென்றால் முப்பத்திரண்டு

படித்தவன் செய்த தப்பு வெளியே தெரியவரும்போது, அவன் கண் முதலில் பக்கத்தில் நிற்கிறவர்கள் பக்கம்தான் போகும். இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். (கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். வேறு எதற்கு இந்தக் கட்டுரை?)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. மல்லாங்கிணற்றிலிருந்து தினமும் பஸ் ஏறி விருதுநகருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மொத்தமே நாலு பேர் உள்ள கம்பெனி. முதலாளியை 'சார்' என்போம். மிஷின்களுக்கு மூளை மாதிரி ஒரு பெட்டி இருக்கும், பி.எல்.சி. என்று பெயர். மோட்டார் எப்போது ஓடணும், எப்போது நிற்கணும், எத்தனை எண்ணணும் என்பதையெல்லாம் அதற்குள் எழுதி வைப்பதுதான் எங்கள் பிழைப்பு. ஊரில் என் அப்பா இதை "எம் மகன் மிஷினுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கான்" என்று சொல்லி வைத்திருந்தார். நானும் திருத்தவில்லை. கேட்க நன்றாகத்தானே இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எட்டு மாதத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இன்று பதினைந்து வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. தெரிந்ததில் பாதி குறைந்திருக்கிறது.

சார் என்னை முதன்முதலாகத் தனியாக அனுப்பியது திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸுக்கு. பட்டாசுப் பெட்டிகளின் மேல் ஒட்டும் லேபிள்களை அடித்து, வெட்டி, கட்டுக் கட்டாக அனுப்புகிற இடம். அங்கே எண்ணும் மிஷின் ஒன்று இருந்தது. வெட்டிய லேபிள்கள் வரிசையாக ஓடி வரும். மிஷின் எண்ணிக்கொண்டே இருக்கும். சொன்ன எண்ணிக்கை வந்ததும் ஒரு தகடு இறங்கி, அந்தக் கட்டைத் தனியாகத் தள்ளிவிடும். கட்டுக்கு எத்தனை என்பதை முகப்பில் இருக்கும் சுவிட்சில் வைக்க வேண்டும். மூன்று சின்னச் சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் பூஜ்ஜியம் முதல் ஒன்பது வரை. விரலால் உருட்டி 0, 5, 0 என்று வைத்தால் ஐம்பது. பச்சைப்பிள்ளைகூட வைக்கலாம்.

அந்த மிஷினின் பழைய மூளை கரண்ட் ஏறி இறங்கியதில் கருகிப் போயிருந்தது. புது மாடல் பெட்டி வாங்கி வைத்திருந்தார்கள். பழைய புரோகிராம் காகிதத்தில் அச்சடித்து, பழுப்பேறி, மிஷினின் கதவுக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்துப் புதுப் பெட்டிக்குள் அப்படியே எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. 'அப்படியே' என்ற சொல்லைச் சார் இரண்டு தடவை அழுத்திச் சொல்லித்தான் அனுப்பினார்.

அப்படியே எழுதுவதற்கா நான் பி.இ. படித்தேன்?

புரோகிராமில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு குறிப்பு எழுதலாம். கமெண்ட் என்போம். மிஷின் அதைப் படிக்காது. பின்னால் வந்து அந்தப் புரோகிராமைத் திறக்கப்போகும் மனிதனுக்காக முன்னால் போனவன் எழுதி வைப்பது. பழைய காகிதத்தில் ஒரு வரி இருந்தது. சுவிட்சிலிருந்து வருகிற எண்ணை எடுத்து, அதை எண்ணாக மாற்றி, எண்ணும் பகுதிக்குக் கொடுக்கிறது. பக்கத்தில் கமெண்ட்: 'இது இருக்கட்டும்.' ஏன் இருக்கட்டும், எதற்கு இருக்கட்டும், ஒன்றும் இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. எண்ணை எண்ணாக மாற்றுவதாம்! தண்ணீரைத் தண்ணீராக மாற்ற ஒரு மோட்டார் வைத்த மாதிரி. அந்த வரியைத் தூக்கினேன். தூக்கியதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரை பாதியாகக் குறைந்திருக்கும். அதே இடத்தில் நான் ஒரு கமெண்ட் எழுதினேன். 'இங்கிருந்த தேவையற்ற வரி நீக்கப்பட்டது. முன்பு எழுதியவருக்கு அடிப்படை தெரியவில்லை. — சரவணன், பி.இ.' (ஆமாம், பி.இ. என்றும் போட்டேன். மிஷினுக்குள்ளேயும் என் படிப்பு தெரிய வேண்டாமா?)

இப்போது அந்த வரி என்ன செய்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தச் சுவிட்ச் ஒவ்வொரு சக்கரத்தின் எண்ணையும் தனித்தனியாக அனுப்பும். நாம் இருபத்தைந்து என்று வைத்தால் அது 'ஒரு ரெண்டு, ஒரு அஞ்சு' என்றுதான் அனுப்பும். நாமாக இருந்தால் ரெண்டைப் பத்தால் பெருக்கி ஐந்தைக் கூட்டிக்கொள்வோம். பி.எல்.சி.க்குச் சொல்லாவிட்டால் அது தன் வழக்கப்படி பதினாறால் பெருக்கும். இருபத்தைந்து முப்பத்தேழு ஆகிவிடும். ஐம்பது எண்பது ஆகிவிடும். நூறு என்று வைத்தால் இருநூற்று ஐம்பத்தாறு. 'பதினாறால் இல்லை, பத்தால் பெருக்கு' என்று சொல்வதற்குத்தான் அந்த வரி.

ஒன்று முதல் ஒன்பது வரை மட்டும் ஒரு வித்தியாசமும் வராது. பெருக்குவதற்கே ஒன்றும் இல்லையே.

நான் சோதித்துப் பார்க்காமல் இல்லை. சீசன் நேரம், நல்ல லேபிளை வீணாக்கக் கூடாது என்று பிரஸ் முதலாளி அண்ணாச்சி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கழிவு லேபிள் கொஞ்சம்தான் கிடைத்தது. அதில் ஐந்து வைத்துப் பார்த்தேன், ஐந்து வந்தது. எட்டு வைத்தேன், எட்டு வந்தது. ஒன்பதும் வைத்துப் பார்த்து, ஒன்பது வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டேன்.

மிஷினை ஓட்டுகிறவர் முத்துமாரி அக்கா. நாற்பது வயதிருக்கும். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் பல வருசம் வேலை பார்த்துவிட்டு, 'மருந்து வேலை போதும்' என்று இந்தப் பிரஸ்ஸுக்கு வந்தவர். வீட்டுக்காரர் இல்லை. மகள் விருதுநகரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்த மிஷின் முன்னால் அவர் உட்கார்ந்தே நாலு வருசம் ஆகியிருந்தது. நான் ஒன்பது எண்ணி முடித்ததும் அவர் கேட்டார்.

"தம்பி, பெரிய நம்பரு ஒண்ணு போட்டுப் பாக்கலையா?"

"அஞ்சுக்குச் சரின்னா அம்பதுக்கும் சரிதான்க்கா. கணக்குன்னா அப்படித்தான்."

"அப்படியா?" என்றார் அக்கா. அந்த 'அப்படியா'வில் இருந்தது சந்தேகம் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை போன் வந்தது.

"தம்பி, முத்துமாரி பேசுதேன். கட்டு ரொம்பத் தடியா இருக்கே. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறீகளா?"

"பேப்பர் தடிமனா இருக்கும்க்கா."

"எப்பவும் வாற பேப்பருதான்."

"ஈரக்காத்துக்கு ஊதியிருக்கும்க்கா." (திருத்தங்கலில். ஆடி மாதத்தில். ஈரக்காற்று!)

அக்கா, "சரி தம்பி, நான் பாத்துக்கிடுதேன்" என்று வைத்துவிட்டார். நானும் ஒரு தொந்தரவு ஒழிந்தது என்று பஸ்ஸுக்கு ஓடினேன்.

நாலாம் நாள் அண்ணாச்சியிடமிருந்து போன். அன்று சார் மதுரையில் ஒரு வேலையாக இருந்தார், மதியத்துக்கு மேல் வருவதாகப் போனில் சொன்னார். நீ முதலில் போ என்று என்னை அனுப்பினார். காலை பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

விஷயம் இதுதான். மிஷின் ஓட ஆரம்பித்த முதல் நாள் போன லோடில் 'கட்டுக்கு 50' என்று சீட்டு ஒட்டிய கட்டுகளில் எல்லாம் எண்பது எண்பது லேபிள் இருந்திருக்கிறது. பட்டாசுக் கம்பெனியில் ஒரு கட்டு கொடுத்தால் ஐம்பது பெட்டி ஒட்டி முடிந்ததென்று கணக்கு. அங்கே பெட்டி தீர்ந்த பிறகும் ஆளாளுக்குக் கையில் லேபிள் மிச்சம். இன்னொரு பக்கம் கட்டு பற்றாமல் பாதி அறை சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது. அந்தக் கம்பெனிக்காரர் காலையிலேயே போனில் அண்ணாச்சியைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். அண்ணாச்சி நேரே மிஷினுக்குப் போய்ப் பார்த்தால், ஆர்டர் அட்டையில் ஐம்பது என்று போட்டிருக்கிறது, சுவிட்சில் முப்பத்திரண்டு வைத்து முத்துமாரி அக்கா ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

"இவ இஷ்டத்துக்கு நம்பரு வச்சு ஓட்டுதா தம்பி. கேட்டா மிஷினுக்குக் கணக்கு மாறிப்போச்சுங்கா. மிஷினு தப்பா எண்ணுமா?"

கேள்வி முடிவதற்குள் நான் பதில் சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் வேறு எதற்கும் பதில் சொன்னதில்லை.

"மிஷின் தப்பே பண்ணாது அண்ணாச்சி. ஆளுங்கதான் பண்ணுவாங்க."

அக்கா அங்கேதான் நின்றார். என்னைப் பார்த்தார். "தம்பி, நீக வந்து ஒருக்கா மிஷினப் பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

போய்ப் பார்த்தேன். மிஷினின் பச்சைத் தகரத்தில், சுவிட்சுக்குப் பக்கத்தில், சாக்பீஸால் வரிசையாக எழுதியிருந்தார்.

20க்கு 14
25க்கு 19
40க்கு 28
50க்கு 32
100க்கு 64
10, 12, 30, 60, 75 — வராது

இந்தப் பட்டியலை வேறு யார் பார்த்தாலும் பைத்தியக்காரக் கணக்கு என்பார்கள். ஆனால் எங்கள் தொழிலில் இருக்கிற யாருக்கும் அரை நொடி போதும். எனக்கும் அரை நொடிதான் ஆனது. பதினாறால் பெருக்குகிற கணக்கு அது. ஒரு சக்கரத்தை உருட்டி, ஓட்டி, வந்ததைக் கையால் எண்ணி, மறுபடி உருட்டி, மறுபடி எண்ணி, ஒரே நாளில் அந்த அம்மாள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். பத்து என்பது எந்தச் சக்கரத்தை எப்படி உருட்டினாலும் வராது, ஒன்பதுக்குப் பிறகு நேரே பதினாறுதான் என்பதுவரை பார்த்திருக்கிறார். முப்பதுக்கு என்ன செய்தீர்கள் என்று நான் தலையை நிமிர்த்தாமலே கேட்டேன்.

"இருவது மிஷினு, பத்து கையி" என்றார்.

இரண்டாம் நாளிலிருந்து போன கட்டுகள் ஒன்றிலும் ஒரு லேபிள்கூடக் குறையில்லை, கூடுதலும் இல்லை. முதல் நாள் லோடு மட்டும்தான் தப்பு. அது முழுக்க முழுக்க என் கைவண்ணம்.

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அண்ணாச்சி பத்தடி தள்ளித்தான் நின்றார். 'அண்ணாச்சி, தப்பு என்மேல' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அதற்குள் அண்ணாச்சி, "நீ போயி அங்கன உக்காரு. மத்தியானம் இவுக சாரு வரட்டும், பேசிட்டு முடிவு பண்ணுதேன். கணக்குல இப்படி விளையாடுற ஆளு எனக்கு வேணாம்" என்று அக்காவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அறைக்குள் போய்விட்டார்.

அக்கா கட்டுப் போடும் மேசை ஓரமாகப் போய் உட்கார்ந்தார். போகும்போது பக்கத்தில் இருந்த ஒருத்தியிடம் மெதுவாகச் சொன்னது எனக்கும் கேட்டது. "வேலை போனாக்கூடப் பரவால்ல. கணக்குல பொய் சொன்னான்னு பேரு வாங்கிட்டா எந்தக் கம்பெனியில எடுப்பாக? மக படிப்பு முடிய இன்னும் ஒரு வருசம் கெடக்கு."

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். இருந்தும் நான் செய்தது என்ன தெரியுமா? லேப்டாப்பைத் திறந்தேன். தூக்கிய வரியை ஐந்தே நிமிடத்தில் திரும்பப் போட்டேன். மிஷினுக்குள் ஏற்றினேன். யாரும் பார்க்காதபோது பன்னிரண்டு வைத்து ஓட்டினேன், பன்னிரண்டு வந்தது. மனதுக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்: மிஷின் சரியாகிவிட்டது, இனி தப்பு வராது, தப்பே வராவிட்டால் அண்ணாச்சி கோபம் தணிந்துவிடும், அக்காவையும் விட்டுவிடுவார். எல்லாம் தானாகச் சரியாகிவிடும். இப்படியொரு கணக்கை மிஷின்கூடப் போடாது.

ஒரு மணிக்கு அண்ணாச்சி வீட்டிலிருந்து எனக்குச் சாப்பாடு வந்தது. கறிக்குழம்பு. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். கை கழுவப் போனபோது அக்காவின் தூக்குவாளி திறக்காமலே மேசையில் இருந்தது. அவர் என்னைப் பார்த்து, "சாப்பிட்டீகளா தம்பி?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். உள்ளே போன கறி அங்கேயே கல்லாகிவிட்டது.

மூன்று மணிக்குச் சார் வந்தார். விவரம் கேட்டார். "அந்த அம்மாவ ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, பாப்போம்" என்றார். அண்ணாச்சி அக்காவைக் கூப்பிட்டார். பிரஸ்ஸில் இருந்த ஏழெட்டுப் பேரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

அக்கா முகத்தில் முதல் தடவையாக ஒரு தெம்பு வந்தது. தன்மேல் தப்பில்லை என்று காட்ட ஒரு வாய்ப்புக் கிடைத்துவிட்டதே. "பாருங்க அண்ணாச்சி, இப்ப முப்பத்திரெண்டு வைக்கேன். அம்பது வரும்" என்று சொல்லி, எல்லாரும் பார்க்கும்படி சக்கரத்தை உருட்டி வைத்தார். மிஷின் ஓடியது. தகடு இறங்கியது.

கட்டைக் கையில் எடுத்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. மெலிதாக இருந்தது. எண்ணினார். முப்பத்திரண்டு.

மறுபடியும் எண்ணினார். இந்தத் தடவை ஒவ்வொன்றாக, விரலில் எச்சில் தொட்டு, உதடு அசைய எண்ணினார். இரண்டு லேபிள் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து அதையும் சேர்த்து எண்ணினார். முப்பத்திரண்டுதான்.

"இன்னைக்குக் காலையில வரைக்கும் அம்பது வந்துச்சு அண்ணாச்சி" என்றார். கூட்டத்தில் யாரோ 'ச்சு' கொட்டினார்கள். அண்ணாச்சி சாரைப் பார்த்துக் கையை விரித்தார்.

அப்போதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கே புரிந்தது. காலையில் அவர் சொன்னதை நம்ப ஆளில்லை, அவ்வளவுதான். இப்போது நான் அவரைப் பொய்க்காரி ஆக்கிவிட்டேன். தப்பை மறைக்கப் போய், அவர் கையில் இருந்த ஒரே சாட்சியை அழித்துவிட்டேன்.

"அண்ணாச்சி" என்றேன். என் குரல் கீச்சென்று வந்தது. "மிஷின்லதான்... ஒரு வரி விட்டுப்போயிருந்துச்சு. காலையிலதான் சரி பண்ணேன். அக்கா சொன்னது கரெக்ட்டுதான்."

(கவனித்தீர்களா? 'விட்டுப்போயிருந்துச்சு.' ஒப்புக்கொள்ளும்போதும் ஒரு பொய். அந்த வரி தானாக இறங்கி எங்கேயோ கடைக்குப் போய்விட்ட மாதிரி.)

"காலையிலயா?" என்றார் அண்ணாச்சி. "காலையிலன்னா எப்ப?"

"பத்தரை... பத்தேமுக்கால்."

அண்ணாச்சி சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றேகால்.

சார் என் லேப்டாப்பை வாங்கினார். "எந்த வரி?" என்று கேட்டுக்கொண்டே புரோகிராமைத் திறந்தார். அவசரத்தில் நான் வரியைத்தான் திரும்பப் போட்டிருந்தேன். கமெண்டை எடுக்க மறந்துவிட்டேன். சாருக்கு ஒரு பழக்கம், எதையும் சத்தமாகத்தான் படிப்பார். அன்றும் படித்தார்.

"இங்கிருந்த தேவையற்ற வரி நீக்கப்பட்டது. முன்பு எழுதியவருக்கு அடிப்படை தெரியவில்லை. சரவணன், பி.இ."

பிரஸ்ஸில் ஒரு மிஷினும் ஓடவில்லை. அதனால் எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது.

"முன்னால எழுதினவரு யாரு?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"நான்தான்" என்றார் சார்.

பூமி பிளக்கவில்லை. நான் அங்கேயேதான் நிற்க வேண்டியிருந்தது. சார் சத்தம் போடுவார் என்று பார்த்தேன். அவர் அண்ணாச்சி பக்கம் திரும்பி, "எம்மேலயும் தப்பு இருக்கு அண்ணாச்சி. 'இது இருக்கட்டும்'னு எழுதுனேன், ஏன்னு எழுதாம விட்டுட்டேன். எழுதியிருந்தா இவன் தொட்டிருக்க மாட்டான்" என்றார். கேள்வி வந்து ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிட்டார். நான் அங்கே ஐந்து மணி நேரமாகத் தடவிக்கொண்டிருந்த காரியம் அது. அவர் என்னை இரண்டு அறை அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"மன்னிச்சிருங்க சார்" என்றேன். "மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்றேன். அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, பேருக்குப் பின்னால போட்டிருக்கீகள்லா, அந்த ரெண்டு எழுத்து, அத மொதல்ல எடுத்துருங்க" என்றார். பிறகு அக்காவிடம் திரும்பி, "ஏத்தா, நீ போயி மிஷினப் பாரு. மொதல்ல சாப்பிடு" என்றார். எதிரில் நின்ற ஒருவரை அனுப்பி, அக்காவுக்கு டீயும் வடையும் வாங்கிவரச் சொன்னார். அவரிடமிருந்து அதற்குமேல் மன்னிப்பெல்லாம் வராது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும் போல, கூட்டம் கலைந்தது.

சார் என்னைப் புது கமெண்ட் எழுதச் சொன்னார். எழுதினேன். அக்கா டீ கிளாஸோடு வந்து நின்று, "என்ன எழுதுதீக?" என்று கேட்டார். படித்துக் காட்டினேன்.

"அதுக்குள்ள எழுதி வச்சா யாருக்குத் தம்பி தெரியும்? அடுத்து வாறவுகளும் உங்கள மாதிரிதானே வருவாக. வெளிய ஒட்டுங்க" என்றார்.

பிரஸ் ஆயிற்றே, பிரிண்ட் எடுக்கவா ஆளில்லை? பட்டாசு லேபிள் காகிதத்திலேயே, ரோஸ் கலரில், பெரிய எழுத்தில் அடித்து மிஷினின் கதவில் ஒட்டினார்கள். 'சுவிட்ச் எண்ணை மாற்றித்தான் எடுக்க வேண்டும். இந்த வரியை நீக்கினால் 50 வைத்தால் 80 வரும். நீக்கிப் பார்த்தவர்: சரவணன். கண்டுபிடித்தவர்: முத்துமாரி.' மேலே பிளாஸ்டிக் ஒட்டி, கிழியாதபடி பத்திரமாக வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்த மிஷினைப் பார்க்கப் போன எங்கள் தொழில்காரர்கள் அத்தனை பேரும் கதவைத் திறக்குமுன் அதைப் படித்துவிட்டு, எனக்குப் போன் போட்டு நலம் விசாரித்தார்கள்.

ஐந்து வருடம் போனது. எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வீட்டுக்குப் போன அன்று, நான் பேசாமல் இருந்திருக்கலாம். பெண்ணின் தாய்மாமா சிவகாசிக்காரர். "என்ன வேலை பாக்கீக மாப்பிள்ளை?" என்று கேட்டார். "திருத்தங்கல்ல நிறைய மிஷின் நம்ம புரோகிராம்லதான் ஓடுது" என்று அள்ளிவிட்டேன். ஒரு பேச்சுக்குச் சொன்னது. அவர் மறுநாளே விசாரிக்கக் கிளம்பிவிட்டார். மாப்பிள்ளையைப் பற்றி வேலை பார்க்கிற இடத்தில் போய் விசாரிப்பது எங்கள் பக்கம் உள்ள வழக்கம்தானே. அவருக்குத் தெரிந்த பிரஸ் என்று அவர் நேரே போய் நின்றது எந்த இடம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கதவில் மாப்பிள்ளை பெயரைப் பார்த்ததும் மனிதருக்குப் பெருமை தாங்கவில்லையாம். பக்கத்தில் போய்ப் படித்திருக்கிறார். பிறகு, "யாரும்மா இந்த முத்துமாரி?" என்று கேட்டிருக்கிறார். அக்கா அப்போது அந்தப் பிரிவுக்கே சூப்பர்வைசர். மகள் நர்ஸ் ஆகி மதுரையில் வேலைக்குப் போய்விட்டாள்.

அக்கா என்ன சொன்னார் என்பதை, நாங்கள் மறுபடி போனபோது, தாய்மாமா பெண் வீட்டுக் கூடத்தில், இரண்டு வீட்டுச் சனமும் உட்கார்ந்திருக்க, ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தார்.

"நல்ல பையந்தான். கெட்ட பழக்கம் ஒண்ணும் கெடையாது. உண்மையும் சொல்லுவாக. சொல்ல மட்டும் ஒரு அரை நாளு ஆகும்."

என் அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, முகம் எரிந்தது. உள்ளறையிலிருந்து பெண் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் அந்தக் குரலைக் கேட்டதே அன்றுதான் முதல் தடவை. கல்யாணம் நிச்சயமானது.

பத்திரிகை வைக்க நானே திருத்தங்கலுக்குப் போனேன். வழியெல்லாம் ஒன்றை நினைத்துக்கொண்டே போனேன். அன்று நான் சாரிடம் மன்னிப்புக் கேட்டேன், அண்ணாச்சியிடம் கேட்டேன். முத்துமாரி அக்காவிடம் கேட்கவே இல்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. வேலை போகவிருந்தது அவருக்கு, பொய்க்காரி என்று பேர் வரவிருந்தது அவருக்கு, நானோ முதலாளிகளாகப் பார்த்து மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அந்த இரண்டாம் தடவை எண்ணியது எனக்குக் கனவில்கூட வந்திருக்கிறது. இருந்தும் ஐந்து வருடத்தில் எத்தனையோ தடவை அந்தப் பிரஸ்ஸுக்குப் போய்வந்தவன், அவரைப் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டு நழுவியிருக்கிறேன்.

பத்திரிகையைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன். "அக்கா, அன்னைக்கு நான் பண்ணது பெரிய தப்பு. உங்ககிட்ட நான் கேக்கவே இல்ல. மன்னிச்சிருங்க."

அக்கா பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, என்னை நிதானமாகப் பார்த்தார். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. மனதுக்குள் எதையோ எண்ணுகிற முகம்.

"அடப்பாவமே" என்றார். "பொண்ணு வீட்டுல அரை நாளுன்னு சொல்லிவிட்டுட்டேனே தம்பி. அஞ்சு வருசம்லா ஆகுது!"

கல்யாணத்துக்கு வந்தார். மேடையேறி, பெண்ணின் கையில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளியைக் கொடுத்து, நான் பக்கத்தில் நிற்பதைச் சட்டை செய்யாமல், தன் கணக்கைத் திருத்திச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடப் போனார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் மோட்டாரை நிறுத்தாமல் தொட்டி வழிந்தாலும், மிக்ஸி ஜாடி உடைந்திருந்தாலும், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் நழுவியது யார் என்று விசாரணை வந்தாலும், என் மனைவி சத்தம் போடுவதில்லை. மாமியார், மாமனார், வந்திருக்கும் விருந்தாள் என்று அத்தனை பேர் முன்னாலும் என் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்.

"இது அரை நாள் கணக்கா, அஞ்சு வருசக் கணக்காங்க?"